ஒரு வார உரிமை



35 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளைத் திருத்தியவன் நான். ஓர் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்னும் பெருமிதம் எனக்கு உண்டு. அப்பெருமிதமே 2022ஆம் ஆண்டுக் கோடையில் என்னையும் என் குடும்பத்தாரையும் அயல்நாட்டு விடுதி ஒன்றின் கூடத்தில், பெட்டிகளின் மேல் உட்கார வைத்தது. அந்தக் கதையிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன்.

அவ்வாண்டு நானும் என் மனைவியும் அமெரிக்காவில் வாழும் எங்கள் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். பேரனுக்குப் பள்ளி விடுமுறை. பிளாரிடா மாநிலத்து ஆர்லண்டோ நகரையும், அதனருகே 1971இல் திறக்கப்பெற்ற டிஸ்னி கேளிக்கை உலகையும் காண வேண்டும் என்பது அவன் விருப்பம். ஐந்து பேர் ஏழு இரவு தங்குவதற்கு இடம் வேண்டுமே என்று மகள் இணையத்தில் தேடினாள். இரண்டு படுக்கையறையும் சமையலறையும் கூடமும் அமைந்த ஒரு பகுதியை அதன் உரிமையாளரே வாடகைக்கு விடுவதாக ஒரு விளம்பரம் கிடைத்தது. ஒரு வாரத்துக்கு 700 டாலர். அதே விடுதி அதே வாரத்துக்குத் தானே கேட்ட தொகையோ ஏறத்தாழ அதனினும் மூன்று மடங்கு.

உரிமையாளர் எனப்பட்டவர் பணிவே உருவாகக் கடிதம் எழுதினார். அறையின் படங்களை அனுப்பினார். தம் ஓட்டுநர் உரிமத்தின் படியை அனுப்பினார். இரண்டு பக்கத்தில் ஒப்பந்தமும் அனுப்பினார். “அப்பா, நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்” என்று மகள் அதை என்னிடம் தந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. காற்புள்ளியும் அரைப்புள்ளியும்கூட இடம் தவறவில்லை. “இப்படி எழுதுகிறவர் நன்கு படித்தவர், அம்மா. தாராளமாக அனுப்பு” என்றேன். அவளும் முழுத் தொகையையும் வங்கி வழியாக அனுப்பிவிட்டாள்.

விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் எங்கள் தாளை இருமுறை புரட்டிப் பார்த்தார். உங்கள் பெயரில் முன்பதிவு ஏதும் இல்லை என்றார். பிறகு சற்றுத் தயங்கி, இந்த எண்ணுள்ள அறையே எங்கள் கட்டடத்தில் இல்லை என்றார். மாப்பிள்ளை வேறு இடம் தேடிப் புறப்பட்டார். பேரன் பெட்டியின் மேலேயே உறங்கிவிட்டான். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். பிழையின்றி எழுதுகிறவன் பொய்யின்றியும் எழுதுவான் என்று நான் எண்ணியதுதான் அன்று நான் செய்த பிழை. இக்காலத்தில் பிழையற்ற ஆங்கிலத்தைக் கணினியே நொடிப்பொழுதில் எழுதித் தருகின்றது.

இனி, இந்த விடுதிகளின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘டைம்ஷேர்’ என்று வழங்குவதைக் காலப் பங்கு என்று கூறலாம். ஆண்டுக்கு 52 வாரங்கள். ஒரு வீட்டை ஒருவரே வாங்காமல் 50 பேர் ஆளுக்கு ஒரு வாரமாக வாங்கிக்கொள்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். 1960களில் ஐரோப்பாவில் முளைத்த இம்முறை பின்னர் அமெரிக்காவில் பரவியது. சிலருக்கு ஆண்டுதோறும் அதே வாரம் உரியது. சிலருக்கு ஒரு பருவத்துக்குள் மாறும் வாரம். இன்னும் சிலருக்கோ வாரமே இல்லை, புள்ளிக் கணக்குத்தான். வாங்கியவர் அவ்வாண்டு அங்கே சென்றாலும் செல்லாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும். செல்ல இயலாதவர் அக்கட்டணத்தையாவது மீட்போம் என்று தம் வாரத்தைப் பிறருக்கு வாடகைக்கு விடுகின்றார். ஆதலின், தனி உரிமையாளர் கேட்கும் வாடகை விடுதி கேட்கும் வாடகையினும் குறைவாக இருப்பது இயல்பே. நெருங்கிவிட்ட வாரத்தை வீணாக்க மனமின்றிக் கட்டணத்தினும் குறைவாகவே தந்துவிடுபவரும் உண்டு. வஞ்சகனுக்கு வழி திறப்பது இந்த உண்மைதான். விலை மலிவாயிருக்க நியாயமான காரணம் ஒன்று முன்பே இருப்பதால், அவன் தனியாக ஒரு காரணம் புனைய வேண்டியதில்லை.

எனினும், மெய்யான உரிமையாளரை எவ்வாறு அறிவது? பத்திரத்தைப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். ஆர்லண்டோ நகரம் அமைந்துள்ள ஆரஞ்சு கவுண்டியில் பதிவான பத்திரங்களைக் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் பெயரைக் கொண்டு எவரும் தேடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ‘எவரும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் தேடும் ஏட்டை வஞ்சகனும் தேடுவான். அங்கே மெய்யான ஒருவரின் பெயரைக் கண்டெடுத்து, அப்பெயரிலேயே உங்களுக்குக் கடிதம் எழுதுவான். பத்திரமும் மெய், பெயரும் மெய். எழுதுகிறவன் மட்டும் வேறு ஆள். மறுபுறம், புள்ளிக் கணக்கில் உரிமை பெற்ற நேர்மையாளர் ஒருவருக்குக் குறிப்பிட்ட அறையின் பத்திரமே இல்லாமல் இருக்கலாம். ஆகவே பத்திரம் இருப்பதும் முடிவன்று, இல்லாததும் முடிவன்று.

முடிவான சாட்சி விடுதியேதான். விற்பவரையும் வாங்குபவரையும் சாராத மூன்றாம் தரப்பு அது. உரிமையாளர் முதலில் தம் வாரத்தை விடுதியில் முன்பதிவு செய்து, தங்கவிருக்கும் விருந்தினராக நம் பெயரை எழுதச் செய்ய வேண்டும். பிறகு நாம் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, இன்ன நாளில் இன்ன பெயரில் முன்பதிவு உண்டா என்று கேட்க வேண்டும். உரிமையாளரைப் பற்றிய செய்திகளை விடுதியார் நமக்குச் சொல்ல மறுக்கலாம், அது முறையே. ஆனால் நம் பெயரிலுள்ள முன்பதிவைப் பற்றி நாம் கேட்கலாம் அல்லவா? இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உரிமையாளர் தரும் தொலைபேசி எண்ணில் அழைக்கக் கூடாது. அந்த எண்ணின் மறுமுனையில் அவருடைய கூட்டாளியே வரவேற்பாளராக அமர்ந்திருக்கக்கூடும். விடுதியின் எண்ணை நாமே வேறு வழியில் தேடி எடுக்க வேண்டும். உரிமையாளர், விடுதியார், நாம் என மூவரும் ஒரே அழைப்பில் சேர்ந்து பேசுவது அதனினும் நன்று. அதற்கு இணங்காதவரோடு மேலே பேச வேண்டுவதில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இது உங்கள் சொந்த வாரமா, அன்றி மாற்றிப் பெற்ற வாரமா? ஆர்.சி.ஐ. போன்ற அமைப்புகளின் வழியாக உறுப்பினர்கள் தம் வாரத்தைக் கொடுத்து வேறோர் ஊரின் வாரத்தைப் பெறுகின்றனர். அவ்வாறு பெற்றதை வாடகைக்கு விடுவது அவ்வமைப்புகளின் விதிக்கு மாறானது; தெரிய வந்தால் முன்பதிவு நீக்கப்படும். இங்கே வாடகைக்கு விடுபவர் வஞ்சகர் அல்லர். ஆயினும் தெருவில் நிற்கப்போவது நாம்தாம்.

பணம் செலுத்தும் முறைக்கு வருவோம். முன்பதிவு உறுதியான பின்பும் உரிமையாளர் அதனை நீக்கிவிட இயலும். ஆகையால் திரும்பப் பெறும் வழியுள்ள முறையிலேயே பணம் செல்ல வேண்டும். வங்கி வழியாக நேரே அனுப்பிய பணத்தை மீட்பது மிக அரிது. பரிசு அட்டையாகக் கேட்பவர் ஐயத்திற்கு இடமின்றி வஞ்சகரே. கடன் அட்டையில் செலுத்தினால், அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கிடைக்காத பொருளுக்கான தொகையை மறுக்கும் உரிமையைத் தருகின்றது. ஆனால் அம்மறுப்பைக் கணக்குத் தாள் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதத்துக்கு முன்பே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால் இந்த உரிமையால் என்ன பயன்? முதலில் ஒரு பகுதி, நாள் நெருங்கியபின் மீதி என்று பேசிக்கொள்வதே தக்கது. பேபால் வழியாக அனுப்புவோரை ‘நண்பருக்கு அனுப்புவதாகக் குறியுங்கள், கட்டணம் மிச்சமாகும்’ என்று சிலர் தூண்டுவர். அவ்வாறு குறித்த பணத்துக்கு அந்நிறுவனத்தின் பாதுகாப்புக் கிடையாது.

ஏமாறுகிறவர்கள் வாடகைக்கு எடுப்பவர்கள் மட்டுமல்லர். உரிமையாளர்களின் நிலை சில வேளைகளில் இதனினும் பரிதாபமானது. உங்கள் வாரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது, வரியை மட்டும் முன்னதாகச் செலுத்துங்கள் என்று ஓர் அழைப்பு வரும். ஒன்றைச் செலுத்தினால் மற்றொன்று கேட்பர். மெக்சிகோவின் புவர்ட்டோ வல்லார்ட்டா பகுதியில் இத்தொழிலை நடத்துவது போதைப்பொருள் கும்பல் ஒன்று என்று கண்டு, அமெரிக்க நிதித் துறை 2023இல் அதனோடு தொடர்புடைய நிறுவனங்கள் மீது தடை விதித்தது. 2024 ஜூலையில் எஃப்.பி.ஐ.யும் நிதித் துறையும் சேர்ந்து எச்சரிக்கை வெளியிட்டன. பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், என் வயதினர்.

நம் நாட்டில் இம்முறை விடுமுறை உறுப்பினர் திட்டம் என்ற பெயரில் 1980களிலிருந்து நடைபெறுகின்றது. கொடைக்கானலிலும் உதகையிலும் இத்தகைய விடுதிகள் உண்டு. இங்கே பெரும்பாலும் உறுப்பினருக்குக் குறித்த ஆண்டுகளுக்குத் தங்கும் உரிமை மட்டுமே. அறையின் பத்திரம் அன்று. ஆகவே விடுதியைக் கேட்டு உறுதி செய்வது இங்கே இன்னும் இன்றியமையாதது. கல்லூரிக்காக வெளியூரில் அறை தேடும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்தக் கட்டக் குறியீட்டைக் கைபேசியில் காட்டி இரகசிய எண்ணை அழுத்துங்கள் என்று ஒருவர் சொன்னால், உடனே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டாலோ வெட்கத்தால் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் முறையிட்டால் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. எங்கள் வீட்டில் யார் மேல் தவறு என்று பேசிக்கொண்டே இரண்டு நாளைப் போக்கினோம். மூன்றாம் நாள் வங்கிக்குச் சென்றபோது கணக்கில் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை.

2024இல் மீண்டும் ஆர்லண்டோ சென்றோம். இம்முறையும் தனி உரிமையாளரிடமே எடுத்தோம். அவர் ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். அவர் கடிதத்தில் எழுத்துப் பிழைகள் ஏராளம். என் கை சிவப்பு மைக்கு ஏங்கியது. ஆனால் மூவரும் சேர்ந்து பேசலாமா என்று மகள் கேட்டவுடன், “அதற்கென்ன, இப்போதே பேசுவோம்” என்றார். சனிக்கிழமை மாலை வரவேற்பு மேசையில் எங்கள் பெயர் இருந்தது. கதவைத் திறந்ததும் பேரன் எல்லா அறைகளையும் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, “தாத்தா, இந்த வீடு நம்முடையதா?” என்று கேட்டான்.

“அடுத்த சனிக்கிழமை காலை 10 மணி வரை நம்முடையதுதான்” என்றேன்.