எல்லை தவறிய படம்

தென்காசியையும் குற்றாலத்தையும் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முகப்புத் தாள் நிறையக் காசி விசுவநாதர் கோயிற் கோபுரம். உள்ளே ஐந்தருவியின் படம். கணினித் திரையில் பக்கங்கள் செம்மையாகவே காண்கின்றன. பி.டி.எஃப். கோப்பாக மாற்றியதும் கோபுரத்தின் கலசங்களைக் காணோம்! ஐந்தருவிப் படம் மேலேறி எழுத்துகளை மறைத்து நிற்கிறது. இஃது ஏன்?

டொனால்டு நூத் 1978-இல் உருவாக்கிய டெக் போன்ற எழுத்துக்கோப்பு மென்பொருள், படத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதன் அகல உயரங்களை மட்டும் கேட்டறிந்து, அவ்வளவு இடம் ஒதுக்கிவிட்டு அப்பால் செல்லும். சுவரின் அளவைச் சீட்டில் மட்டும் கண்டு சட்டம் செய்யும் தச்சரைப் போன்றது அது. சீட்டுப் பிழையானால் சட்டமும் பிழையே.

அந்தச் சீட்டு யாது? 1984-இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் அமைந்த படக்கோப்பின் தலைப்பில் நான்கு எண்கள் உண்டு. இவற்றை எல்லைப் பெட்டி என்பர். முதலிரண்டு எண்கள் படத்தின் இடக் கீழ்மூலையையும், பின்னிரண்டு வல மேல்மூலையையும் குறிக்கும். அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கே இதன் அளவுகோல். அதைப் புள்ளி என்பர். தாளின் இடக் கீழ்மூலையிலிருந்து எண்ணுவது மரபு.

ஐந்தருவிப் படத்தின் சரியான எண்கள் 100, 200, 400, 500 என்க. அகலம் 300, உயரமும் 300. தவறுதலாக 0, 0, 300, 300 என்று எழுதிவிட்டால், ஒதுக்கும் இடத்தின் அளவு மாறாது. ஆனால் படம் 100 புள்ளி வலப்புறமும் 200 புள்ளி மேலும் விலகிவிடும். எல்லைக்கு வெளியே உள்ளதை வெட்டுமாறு பணித்திருந்தால், வலப்புற அருவியும் மேற்பாறையும் மறையும்.

கோபுரத்தின் கதை வேறு. ஏ4 தாளின் உயரம் ஏறத்தாழ 842 புள்ளி. அமெரிக்க லெட்டர் தாளின் உயரம் 792. கோத்தது ஏ4 தாளுக்கு, மாற்றியது லெட்டர் தாளுக்கு என்றால், கீழிருந்து அளப்பதால் மேலே 50 புள்ளி, அதாவது ஏறக்குறைய 17.6 மில்லிமீட்டர், போய்விடும். எழுத்துக்கு ஓரம் விட்டிருப்பதால் அது தப்பும். விளிம்புவரை சென்ற கோபுரமே தலையிழக்கும்.

நோய் தெரிந்தபின் மருந்து எளிது. படத்தைத் தனியே திறந்து பாருங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் மென்பொருள் படம் உண்மையில் பரவியுள்ள இடத்தை அளந்து நான்கு எண்களையும் தரும்; அவற்றைக் கொண்டு தலைப்பைத் திருத்துங்கள். கோக்கும்போதும் மாற்றும்போதும் ஒரே தாளளவைக் குறியுங்கள். பி.டி.எஃப். கோப்பில் கிராப்பாக்ஸ் என்னும் எல்லையைச் சுருக்கியதால் மறைந்த பகுதி பொதுவாக அழிவதில்லை. எல்லையை விரித்தால் மீண்டும் தோன்றும். வெட்டியபின் ஒளிப்படக் கோப்பாகச் சேமித்தாலோ போனது போனதே. ஆதலால் மூலப் படத்தைக் காத்து வைத்தல் வேண்டும்.

சிறு வெட்டுக்கு இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். தென்காசிக் கோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்று, பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்று, 1990-இல் குடமுழுக்குக் கண்டது. முடியற்ற கோபுரப் படமொன்றை நாளை ஓர் ஆய்வாளர் காண்கிறார். அது 1990-க்கு முன் எடுத்த அரிய படமா, நேற்றைய மாற்றத்தில் வெட்டுண்டதா? கோப்பு அவருக்கு விடை சொல்லாது. வரலாற்றுச் சான்று பொய்ச்சான்றாக மாற 50 புள்ளி போதும். ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஒவ்வொரு படத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, நான்கு மூலைகளையும் பார்த்துவிடுங்கள்.