புயலிடையே பாடியவர்கள்

அச்சம் மனிதனுடன் கூடப் பிறந்த உணர்ச்சி. இருளைக் கண்டு குழந்தை அஞ்சுகின்றது. நோயை எண்ணி முதியோர் அஞ்சுகின்றனர். நாளைய உணவுக்கு என் செய்வோம் என்று ஏழை அஞ்சுகின்றான். இன்றுள்ள செல்வம் நாளை போய்விடுமோ என்று செல்வன் அஞ்சுகின்றான். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருத்தல் அறியாமையே என்று வள்ளுவப் பெருந்தகையும் கூறியிருக்கின்றார். பாம்பைக் கண்டு விலகிச் செல்பவனைக் கோழையென எவரும் பழிப்பதில்லை. ஆயினும், எத்துணை விலகினும் விலக்க முடியாதது ஒன்றுண்டு. அதுவே மரணம். ஏனைய அச்சங்கள் பலவற்றின் வேரை அகழ்ந்து பார்த்தால் அங்கே மரணபயம் இருக்கக் காணலாம்.

இந்த வேரை அறுப்பதற்கே சமயங்கள் யாவும் முயல்கின்றன. கிறிஸ்தவ விசுவாசம் அதனை எவ்வாறு செய்கின்றது என்பதை அறிய விரும்புவோர், மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லியின் வாழ்க்கையை ஒருமுறை ஊன்றி நோக்குதல் நன்று. அவர் அச்சமறியா வீரராகப் பிறந்தவரல்லர். அஞ்சியவர், அஞ்சியதைத் தமது நாட்குறிப்பில் மறையாது எழுதி வைத்தவர். ஆதலாற்றான் அவர் கதை நம்மனோர்க்குப் பயன்படுகின்றது.

கற்றறிந்த இளைஞர்

வெஸ்லி 1703ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எப்வேத் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். 1709ஆம் ஆண்டு ஓர் இரவில் அவர்களுடைய இல்லம் தீப்பற்றி எரிந்தது. குடும்பத்தினர் வெளியேறிய பின்னரே, ஐந்து வயதுச் சிறுவனாகிய ஜோன் மேன்மாடியில் அகப்பட்டுக்கொண்டான் என்பது தெரிந்தது. அயலவர் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, சாளரத்தின் வழியே அவனை வெளியே எடுத்தனர். கூரை சரிந்து வீழ்வதற்குச் சற்று முன்னரே பிள்ளை தப்பியது.

வளர்ந்தபின் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிற் கற்றுப் புலமை பெற்று, லிங்கன் கல்லூரியில் ஆசிரியப் பதவியும் அடைந்தார். குருவானவராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். தம்பி சாள்ஸ் முதலிய நண்பர்களுடன் கூடி நோன்பிருந்தார். வேதாகமத்தைக் கிரேக்க மொழியில் ஓதினார். சிறைப்பட்டோரையும் வறியோரையும் சென்று கண்டார். ஒவ்வொரு நாழிகைக்கும் ஒவ்வொரு கடமையென வகுத்து வாழ்ந்த இவர்களை ஏனைய மாணவர் ஏளனஞ் செய்து இட்ட பெயர்களுள் ஒன்றே 'மெதடிஸ்தர்' என்பது. ஒரு முறைக்குக் கட்டுப்பட்டு நடப்பவர் என்பது அதன் பொருள்.

கல்வி, ஒழுக்கம், தானம், தவம் ஆகிய யாவும் இருந்தன. எனினும் உள்ளத்தில் அமைதி இல்லை. 1735ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெஸ்லி அமெரிக்காவிலுள்ள ஜோர்ஜியாக் குடியேற்றத்துக்குக் குருவாகப் புறப்பட்டார். தமது ஆன்மாவை மீட்டுக்கொள்ளும் நம்பிக்கையே இப்பயணத்துக்குத் தலையாய காரணம் என அவர் நண்பர் ஒருவருக்கு எழுதினார். பிறருக்கு வழிகாட்டப் புறப்பட்டவர் தமக்கே வழி தேடிக்கொண்டிருந்தார்.

கப்பலிற் கண்ட காட்சி

அவர் சென்ற 'சிமண்ட்ஸ்' என்னும் கப்பலில் ஆங்கிலேயருடன், ஜெர்மன் மொழி பேசும் மொரேவியச் சபையார் ஏறத்தாழ இருபத்தைந்து பேரும் பயணஞ் செய்தனர். 1415இல் எரியூட்டிக் கொல்லப்பட்ட யான் ஹஸ் என்னும் சீர்திருத்தவாதியின் வழிவந்த சபை அது. சமயக் கொடுமைகளுக்கு ஆற்றாது பிறந்த மண்ணை விட்டு ஓடி, 1722இல் சின்சென்டோர்வ் பிரபுவின் நிலத்திற் புகலிடம் பெற்ற மக்கள் அவர்கள். அவர்களுடன் உரையாடும் பொருட்டு வெஸ்லி கப்பலிலேயே ஜெர்மன் மொழியைக் கற்கத் தொடங்கினார்.

அவர்களுடைய நடத்தை அவரை வியக்க வைத்தது. ஆங்கிலேயர் எவரும் செய்ய விரும்பாத இழிதொழில்களை அவர்கள் ஏனைய பயணிகளுக்காக விரும்பிச் செய்தனர். கூலி கொடுத்தால் வாங்க மறுத்தனர். எவரேனும் தள்ளினாலும் அடித்தாலும் எழுந்து அப்பாற் சென்றனர்; முறைப்பாடு செய்தாரில்லை. அகந்தையும் சினமும் இவர்களை விட்டு நீங்கிவிட்டன என்பதை வெஸ்லி கண்டார். அச்சமும் நீங்கியதோ என்பதே எஞ்சிய கேள்வி. அதற்கு விடையளிக்கக் கடல் காத்திருந்தது.

1736ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தாம் சாவதற்கு ஆயத்தமாக இல்லை என்பதை வெஸ்லி உணர்ந்து நாணினார். 25ஆந் திகதி மாலை மொரேவியர் வழிபாடு தொடங்கிச் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தபோது பேரலையொன்று கப்பல்மீது மோதியது. பெரும்பாய் கிழிந்து துண்டுதுண்டாயிற்று. தளங்களுக்கிடையே கடல்நீர் பாய்ந்தது. ஆழி தம்மை விழுங்கிவிட்டது என்றே யாவரும் எண்ணினர். ஆங்கிலேயரிடையே அலறல் எழுந்தது. மொரேவியரோ தலைநிமிர்ந்து நோக்கிவிட்டு, இடையறாது பாடலைத் தொடர்ந்தனர்.

பின்னர் வெஸ்லி அவர்களுள் ஒருவரை அணுகி, அஞ்சவில்லையா என வினவினார். கடவுளுக்கு நன்றி, அஞ்சவில்லை என்றார் அவர். பெண்களும் பிள்ளைகளும் அஞ்சியிருப்பார்களே என்று மீண்டும் கேட்டார். அவர்களும் சாவுக்கு அஞ்சுவதில்லை என்பதே அமைதியான மறுமொழி.

இம்மறுமொழியை வாசகர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கப்பல் மூழ்காது என்று தமக்கு உறுதியளிக்கப்பட்டதாக அம்மனிதர் கூறவில்லை. கடவுளை நம்பினோர்க்குப் புயல் வராது என்றும் கூறவில்லை. மூழ்கினாலும் தாம் கைவிடப்படுவதில்லை என்பதே அவர்தம் நிலை. ஆபத்து வராது என்னும் நம்பிக்கை, ஆபத்து வந்த அன்றே உடைந்துபோம். ஆபத்தினூடேயும் தம்மைத் தாங்கும் கரம் ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையே புயலிற் பாடவல்லது.

வேனிற்காலப் பக்தி

ஜோர்ஜியாவில் இறங்கிய மறுநாளே ஸ்பாங்கன்பேர்க் என்னும் மொரேவியத் தலைவர் வெஸ்லியிடம் ஒரு வினாவைத் தொடுத்தார். இயேசு கிறிஸ்துவை அறிவீரோ என்றார். உலக இரட்சகர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. அது மெய்யே, உம்மை இரட்சித்தார் என அறிவீரோ என்றார் மற்றவர். வெஸ்லி ஏதோ விடை பகர்ந்தார். ஆயினும் அவ்விடை வெறுஞ்சொல்லே என அஞ்சுவதாகத் தம் குறிப்பேட்டில் எழுதினார்.

ஜோர்ஜியாவில் அவர் பணி வெற்றி பெறவில்லை. கண்டிப்பான நடைமுறைகள் மக்களை விலக்கின. தாம் விரும்பிய பெண் வேறொருவரை மணந்தபின், அவளுக்குத் திருவிருந்து வழங்க மறுத்ததால் வழக்கும் மூண்டது. 1737 டிசம்பரில் அவர் அந்நாட்டை விட்டுப் புறப்பட்டார். திரும்பும் வழியிலும் மரணபயம் அவரை வாட்டியது. ஆபத்து அருகில் இல்லாதபோது தம்மால் நன்றாகப் பேச முடிகின்றது, நம்பவும் முடிகின்றது; மரணம் முகத்துக்கு நேரே வந்து நின்றால் உள்ளம் கலங்குகின்றது என்று எழுதினார். தமது சமயத்தை அவர் வேனிற்காலத்துக்கு மட்டும் ஏற்ற சமயம் என மதிப்பிட்டார். தம்மையே இவ்வாறு எடைபோடும் நேர்மை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இலண்டன் திரும்பிய வெஸ்லி, பீற்றர் போலர் என்னும் இளம் மொரேவியப் போதகரைச் சந்தித்தார். விசுவாசமில்லாத நான் பிரசங்கிப்பதை நிறுத்திவிடலாமா என்று அவரிடம் கேட்டார். விசுவாசம் கிடைக்கும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியும், கிடைத்தபின் கிடைத்தமையாற் பிரசங்கியும் என்பது போலரின் ஆலோசனை. விசுவாசத்தினால் மட்டும் மீட்பு என்னும் இப்போதனையை வெஸ்லி முதன்முதலாக எடுத்துரைத்தது மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியிடமே. சாவை அஞ்சிய போதகர், சாவை எதிர்நோக்கி நின்றவனுக்கு ஆறுதல் கூறினார்.

ஒரு மாலைப்பொழுது

1738ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி மாலை, இலண்டன் ஓல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு வெஸ்லி மனமின்றியே சென்றார். அங்கே ஒருவர், உரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால்மணி நேரம் இருக்கையில் வெஸ்லியின் உள்ளத்திற் புதியதொரு வெப்பம் பிறந்தது. கிறிஸ்து தம்முடைய பாவங்களையே நீக்கினார், தம்மையே மீட்டார் என்னும் உறுதி உண்டாயிற்று. ஸ்பாங்கன்பேர்க்கின் வினாவுக்கு ஈராண்டுகளின்பின் விடை கிடைத்தது.

இத்துடன் கலக்கம் யாவும் ஒழிந்தது என்று எண்ணலாகாது. அன்றிரவே ஐயங்கள் அவரைத் தாக்கின. அவருடைய குறிப்புகளில் பின்னரும் ஐயத்தின் நிழலைக் காணலாம். அவரிடம் மாறியது வேறொன்று. முன்னர், தமது தகுதியைத் தாமே அளந்து, அது போதாது என்று நடுங்கினார். பின்னர், தம்மைவிட்டு நோக்கை எடுத்துத் தம்மை நேசித்தவர்மேல் வைத்தார். அச்சம் மனிதனைத் தன்னையே நோக்கிக் குனிய வைக்கின்றது. அன்பு அவனைப் பிறரை நோக்கி நிமிர்த்துகின்றது. பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்னும் யோவானின் போதனைக்கு இதுவே பொருள் எனலாம்.

கல்லெறியின் நடுவே

இம்மாற்றத்தின் உரைகல் 1743ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி வென்ஸ்பரி என்னும் ஊரில் வாய்த்தது. வெஸ்லி தங்கியிருந்த வீட்டைப் பெருங்கும்பல் ஒன்று சூழ்ந்துகொண்டது. கும்பலின் தலைவனை அவர் உள்ளே அழைத்துப் பேசினார். பின்னர்த் தாமே வெளியே சென்று கூட்டத்தின் நடுவில் நின்றார். இரவு மழையில் நீதவான்களின் இல்லங்களுக்கு அவரை இழுத்துச் சென்றனர். வோல்சால் ஊரிலிருந்து வந்த மற்றொரு கும்பலும் அவரைப் பற்றிக்கொண்டது. அடிகள் விழுந்தன, கொன்றுவிடுங்கள் என்ற கூக்குரல் எழுந்தது. வெஸ்லி உரத்துச் செபித்தார். அவ்வேளையில் கும்பலை நடத்தி வந்த முரடனே மனம் மாறி அவரைக் காத்து வெளியே கொண்டுவந்தான். தமது படிப்பறையில் இருந்ததுபோன்ற அமைதியுடன் தாம் இருந்ததாக வெஸ்லி பின்னர் எழுதினார். ஏழாண்டுகளுக்கு முன் அலையைக் கண்டு நடுங்கியவர் இவரேதான்.

1791ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி, எண்பத்தேழாம் வயதில், அன்பர்கள் சூழ அமைதியாக அவர் உயிர் பிரிந்தது.

நம் நாட்டுக் கரையில்

இக்கதையின் இழையொன்று நம் நாட்டையும் வந்து தொடுகின்றது. வெஸ்லியின் உடனுழைப்பாளராக இருந்த தோமஸ் கோக், அறுபத்தாறாம் வயதில், இளம் மிஷனரிமார் சிலருடன் இலங்கை நோக்கிக் கப்பலேறினார். 1814ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி அவர் தம் அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். இந்து சமுத்திரத்திலே அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது. தலைவரை இழந்த இளைஞர்கள் திரும்பிச் செல்லவில்லை. பம்பாயை அடைந்து, அங்கிருந்து ஜூன் 29ஆந் திகதி காலியில் இறங்கினர். அவர்களுள் லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணம் சென்றனர். கடற்பயணத்திலேயே மனைவியை இழந்த வில்லியம் ஓல்ட் தனியராய் மட்டக்களப்புக்குச் சென்று பணியாற்றி, ஓராண்டு நிறையுமுன் 1815 ஏப்ரலில் இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் அவரைத் தன் தாபகராகப் போற்றுகின்றது.

கோக்கையும் ஓல்ட்டையும் அவர்கள் விசுவாசம் மரணத்தினின்று காப்பாற்றவில்லை. செய்யத்தக்க பணியைச் செய்யாதபடி மரணபயம் தம்மைத் தடுப்பதற்கு மட்டும் அவர்கள் இடங்கொடுக்கவில்லை.

இன்னுமொன்று சிந்திக்கத்தக்கது. 'சிமண்ட்ஸ்' கப்பலில் மொரேவியரின் அஞ்சாமை புயல் வந்த மாலையிற் பிறந்ததன்று. பிறர் கூசிய வேலையைச் செய்த கைகளிலும், வசையைப் பொறுத்த நாவிலும் அது வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டிருந்தது. தன்னலத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக விட்டவர்களுக்கு, உயிரை விடுவதும் பேரிழப்பாகத் தோன்றவில்லை. புயல் வந்தபின் துணிவைத் தேடுவோர்க்கு அது எளிதில் அகப்படுவதில்லை. கடல் அமைதியாக இருக்கும் நாட்களிலே, அயலவருக்குச் செய்யும் எளிய தொண்டிலே, நம்பிக்கையைப் பயிலுவோமாக. எச்சமயத்தினராயினும் நாம் யாவரும் ஏற்கத்தக்க பாடம் இது.