கேள்விக்கே ஒரு பரீட்சை

குழந்தைகளே, 62-லிருந்து 28-ஐக் கழியுங்கள். விடை 34. கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு இது எளிய கணக்கு. ஆனால் தவறாகப் போட்ட தாள்களைப் புரட்டிப் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு பிள்ளை 46 என்று எழுதியிருக்கும். மேலே எது, கீழே எது என்று பாராமல் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: எட்டில் இரண்டு போக ஆறு, ஆறில் இரண்டு போக நான்கு. இன்னொரு பிள்ளை 44 என்று எழுதும். அதற்குக் கடன் வாங்கத் தெரியும். பன்னிரண்டில் எட்டு போக நான்கு என்று சரியாகவே போட்டிருக்கிறது. கடன் கொடுத்த ஆறு, ஐந்தாகிவிட்டதைத்தான் மறந்துவிட்டது. 90 என்று எழுதிய பிள்ளை கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டிவிட்டது.

மூவருக்கும் மதிப்பெண் சைபர்தான். ஆனால் மூவருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு.

இப்போது 62-ஐ 63 ஆக்கிவிட்டு அதே தவறுகளைச் செய்து பாருங்கள். முதல் பிள்ளைக்கும் 45 வருகிறது, இரண்டாம் பிள்ளைக்கும் 45 வருகிறது! யார் எங்கே தடுமாறினார்கள் என்று ஆசிரியரால் கண்டுபிடிக்கவே முடியாது. ஓர் இலக்கம் மாறியதும் நல்ல கேள்வி மழுங்கிப் போயிற்று. இப்படிக் கேள்விகளுக்கே பரீட்சை வைப்பதை வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். கல்வி அளவீட்டு ஆய்வாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

அவர்கள் இன்னொன்றையும் பார்ப்பார்கள். உப்பளப் பாத்தியின் பரப்பளவைக் கேட்டால் மரக்காணத்துப் பிள்ளைக்குக் கண்முன்னே பாத்தி விரியும். உப்பளமே பார்க்காத பிள்ளை, கணக்கை விட்டுவிட்டு அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும். அப்போது அந்தக் கேள்வி கணக்கறிவை மட்டும் அளக்கவில்லை, ஊரையும் சேர்த்து அளக்கிறது. சம அறிவுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கடினமாக இருக்கும் கேள்வியை எண்களை வைத்தே கண்டுபிடித்து நீக்கிவிடுவார்கள்.

இந்த அறிவியல் நம் ஊருக்கு எதற்கு என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியது நினைவிருக்கிறதா? அப்போது நீங்கள் மிகச் சின்னப் பிள்ளைகள். அக்கா, அண்ணனைக் கேளுங்கள். விட்டுப்போன படிப்பை மீட்கத் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்த இடம், நம் விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பம். திண்டிவனத்திலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம், மரக்காணத்தை ஒட்டிய ஊர். மாலை நேரத்தில் தெருவிலேயே தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தந்தார்கள்.

பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள், எவ்வளவு மீண்டார்கள்? கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு அது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. 2019-ல் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு 2021-ல் எட்டு வயது. பள்ளிக்கே போகாவிட்டாலும் ஏதோ கொஞ்சம் கூடுதலாகத் தெரியத்தானே செய்யும்? அதனால் 2021-ன் எட்டு வயதுப் பிள்ளையை, அதே கிராமத்தில் 2019-ல் எட்டு வயதாக இருந்த பிள்ளையோடு ஒப்பிட்டார்கள். இரண்டு தேர்வுகளிலும் சில பொதுக் கேள்விகளும் இருந்தன. அவை இருந்ததால்தான் இரண்டு தேர்வுகளையும் ஒரே அளவுகோலில் வைக்க முடிந்தது.

2021 டிசம்பரில் பார்த்தபோது சரிவு பெரிதாக இருந்தது. தமிழில் இழந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கணக்கில் இழந்திருந்தார்கள். ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. மீண்டதில் சுமார் 24 விழுக்காடு அந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. தெருத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொன்ன அக்காக்களின் உழைப்பை ஓர் எண்ணாக எழுதிக் காட்ட முடிந்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நல்ல கேள்வித்தாள் இல்லாமல் அது நடந்திருக்காது.

இந்தத் துறைக்கு வரப் புள்ளியியல், உளவியல், கல்வியியல் மூன்றும் உதவும். கணக்கு மட்டும் போதாது; பிள்ளைகள் எப்படி யோசிப்பார்கள், எந்தச் சொல்லில் இடறுவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அது உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் படிக்கிற நீங்கள் இந்தத் துறைக்கு வாருங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கான கேள்வியை நீங்களே எழுதுங்கள்.