கூட்டாக வாங்கிய மின்னூல் யாருக்குச் சொந்தம்?

2022 ஆகஸ்ட் கடைசி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிய பருவம் தொடங்கும் நேரம். பாடத்திட்டத்தில் ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்திருந்த மின்னூல்கள் பல, நூலகங்களில் திடீரென்று திறக்கவில்லை. நூலகங்கள் சந்தா கட்டியிருந்த புரோக்வெஸ்ட் நிறுவனத்தின் ‘அகாடெமிக் கம்ப்ளீட்’ தொகுப்பிலிருந்து வைலி பதிப்பகம் 1,379 நூல்களை விலக்கிக்கொண்டதுதான் காரணம். நூலகர்களும் ஆசிரியர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அக்டோபரில் பதிப்பகம் இறங்கிவந்து நூல்களைத் திரும்பச் சேர்த்தது. அதுவும் அந்தக் கல்வியாண்டுக்கு மட்டும்தான்.

இத்தனைக்கும் பதிப்பகம் ஒப்பந்தத்தை மீறவில்லை. மின்னூல் நூலகத்துக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் இது விளங்கும்.

அச்சுப் புத்தகம் விலைக்கு வாங்கப்படுகிறது. வாங்கிய பிரதியை யாருக்கு வேண்டுமானாலும் இரவல் தரலாம், பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மின்னூலுக்கோ திரைப்பட ஸ்ட்ரீமிங்குக்கோ இந்தப் பிரிவு துணைக்கு வராது. நூலகம் பெறுவது பிரதியை அல்ல, உரிமத்தை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம், எத்தனை பக்கம் அச்சிடலாம், வெளி நூலகத்துக்குக் கொடுக்கலாமா, எந்த நாள்வரை படிக்கலாம் என்பதெல்லாமே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான். ஒரே நூல் ஒருவர் மட்டும் படிக்கும் உரிமம், மூவர் படிக்கும் உரிமம், எத்தனை பேரும் படிக்கும் உரிமம் என்று மூன்று விலையில் விற்கப்படும். சந்தாத் தொகுப்பு என்றால் நூல்கள் வரும், போகும். நிரந்தரமாக எதுவும் கைக்கு வராது.

தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்பதால் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து வாங்குகின்றன. ஆரெகன், வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களின் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சேர்ந்த ஆர்பிஸ் கேஸ்கேட் கூட்டமைப்பு இதற்கு நல்ல உதாரணம். வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற பெரிய நிறுவனமும் அதில் உண்டு, சிறு தனியார் கல்லூரியும் உண்டு. 2011இல் அவர்கள் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான மின்னூல்களின் பதிவுகளை எல்லா நூலகங்களின் பட்டியலிலும் ஏற்றிவிடுவது. பணம் கட்டுவது மாணவர் யாராவது திறந்து படிக்கும்போதுதான். சில நிமிடம் புரட்டிப் பார்த்தால் செலவில்லை. அதற்குமேல் படித்தால் நூல் விலையில் ஒரு பங்கு இரவல் கட்டணமாகப் போகும். இரவல்கள் ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணிக்கையைத் தாண்டியதும் நூல் தானாகவே கூட்டமைப்புக்கு வாங்கப்பட்டுவிடும். முப்பதுக்கும் மேற்பட்ட நூலகங்கள் அதைப் படிக்கப்போவதால் விலையும் ஒற்றைப் பிரதியின் விலையாக இருக்காது, அதன் பல மடங்காக இருக்கும்.

இதைத் தேவைவழிக் கொள்முதல் என்று சொல்லலாம். யாரும் தொடாத நூலுக்குப் பணம் போகாது என்பது இதன் பெரிய நன்மை. எத்தனை செலவாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது இதன் பெரிய சிக்கல். 2014இல் பல பதிப்பகங்கள் குறுகிய கால இரவல் கட்டணத்தைக் கணிசமாக உயர்த்தின. நூலகங்கள் நடு ஆண்டில் நிதி தீர்ந்துவிடாமல் இருக்க, விலை அதிகமான நூல்களையும் பழைய நூல்களையும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த நூல்களில் யாருக்குத் தேவைப்பட்டது எது என்பது எந்தக் கணக்கிலும் வராது. இந்த முறையில் எனக்குள்ள பெரிய வருத்தம் அதுதான்.

திரைப்படங்களில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் தொடங்கி, பின்னர் அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலான கனோபி தளத்தின் வழக்கமான ஒப்பந்தத்தில், ஒரு படத்தை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் முப்பது நொடிக்கு மேல் பார்த்துவிட்டால் ஓராண்டு உரிமம் வாங்கியதாகிவிடும். ஒரு படத்துக்குச் சுமார் 150 டாலர். ஆண்டு முடிந்ததும் அந்த உரிமம் தீர்ந்துவிடும். மறுபடி நான்கு முறை பார்த்தால் மறுபடி கட்டணம். விடுதி அறையில் பொழுதுபோக்காகப் பார்த்ததும் வகுப்பில் பாடமாகப் பார்த்ததும் கணக்கில் ஒன்றுதான். அதனால் பல பல்கலைக்கழகங்கள் இந்தத் தளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதை நிறுத்தி, ஆசிரியர் பாடத்துக்காகக் கேட்கும் படத்துக்கு மட்டும் உரிமம் வாங்கும் முறைக்கு மாறிவிட்டன. என் கணிப்பில் அது சரியான முடிவு. கூட்டமைப்பாகப் படங்களை வாங்குவதும் கடினம். பல படங்களின் விலை கல்லூரியின் மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்கப்படுவதால் ஒவ்வொரு வளாகமும் தனித்தனி உரிமம் வாங்கும்படி ஆகிறது.

வாங்கியாயிற்று. இனி அதை மாணவருக்குக் காட்ட வேண்டும். வெளியாருக்குத் தெரியாத உழைப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஆர்பிஸ் கேஸ்கேட் நூலகங்கள் 2013 முதல் 2015 தொடக்கம்வரை நான்கு தொகுதிகளாக ‘அல்மா’ என்ற ஒரே மென்பொருளுக்கு மாறின. அதில் கூட்டமைப்புக்கென்று பொது அடுக்கு ஒன்று, ஒவ்வொரு நூலகத்துக்கும் சொந்த அடுக்கு ஒன்று. கூட்டாக வாங்கிய மின்னூலின் பதிவைப் பொது அடுக்கில் ஒருமுறை ஏற்றினால் போதும். முன்பு ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே அதே பதிவை ஏற்றித் திருத்திக்கொண்டிருந்தது.

ஆனால் பதிவு ஒன்றாக இருந்தாலும் வழி ஒன்றாக இருப்பதில்லை. மாணவர் வீட்டிலிருந்து திறக்கும்போது அவர் எந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர் என்று சரிபார்க்கும் ப்ராக்ஸி சர்வர் ஒவ்வொரு வளாகத்துக்கும் வேறு. சில தளங்களில் நூலின் இணைய முகவரிக்குள்ளேயே கல்லூரியின் கணக்குப் பெயரும் இருக்கும். ஆகவே ஒரே பதிவுக்குப் பின்னால் வளாகம்தோறும் மாறும் இணைப்புகள் சரியாக அமைய வேண்டும். எந்தத் தொகுப்பு எந்த நூலகங்களுக்கு உண்டு என்ற குழுப் பட்டியலையும் யாராவது பராமரிக்க வேண்டும். அதில் ஒரு கல்லூரியின் பெயர் விடுபட்டால், பணம் கட்டியும் அந்த மாணவர்களுக்கு நூல் கண்ணில் படாது. தவறிச் சேர்ந்துவிட்டால், உரிமம் இல்லாத படத்தைக் கிளிக் செய்து, பணம் கேட்கும் பக்கத்தில் போய் நிற்பார்கள். சந்தாத் தொகுப்புகளில் மாதாமாதம் நூல்கள் சேர்வதும் நீங்குவதும் இதற்குமேல். விற்பனையாளர் அனுப்பும் பட்டியலில் ஒரு ஐ.எஸ்.பி.என். தவறாக இருந்தாலே இணைப்பு வேறு புத்தகத்துக்குப் போய்விடும். இத்தனையையும் பார்த்துக்கொள்ள ஒரு நூலகத்தில் பெரும்பாலும் ஓரிருவர்தான் இருக்கிறார்கள். கூட்டமைப்பில் சேரும்போது மென்பொருளுக்கு நிதி ஒதுக்குபவர்கள் இந்த ஆட்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செலவைப் பங்கிடுவதும் எளிதல்ல. எந்த நூலை எத்தனை முறை திறந்தார்கள் என்பதை எல்லாத் தளங்களும் ஒரே முறையில் எண்ணுவதற்காக ‘கவுன்ட்டர்’ என்ற பொது விதிமுறை இருக்கிறது. அதன் புள்ளிவிவரப்படிப் பங்கிட்டால் மாணவர்களை நன்றாகப் படிக்கவைக்கும் சிறு கல்லூரி கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். மாணவர் எண்ணிக்கைப்படிப் பங்கிட்டால் பெரிய பல்கலைக்கழகம் தான் தொடாத நூல்களுக்கும் கட்டும். இரண்டையும் கலந்து ஒரு சூத்திரம் வைத்து, ஆண்டுதோறும் பேசிச் சரிசெய்வதுதான் நடைமுறை. ஒரு கல்லூரி கூட்டமைப்பைவிட்டு விலகும்போதோ கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிப்பதுபோல ஆகிவிடுகிறது: அதன் பணத்திலும் சேர்த்து வாங்கிய நூல்கள் அதற்கு இனி உண்டா? ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதாவிட்டால், பொதுவாக இல்லை.

இந்தியாவில் கூட்டு வாங்குதல் வேறு வடிவத்தில் இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தின் மூலம் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் தங்களுக்கென்று கொடுத்த பயனர் பெயரை வைத்து வீட்டிலிருந்தே மின்னூல்களைப் படிக்கலாம். அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் கட்டுவது ஆண்டுக்கு 5,900 ரூபாய்தான். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இந்த வசதி இருந்தும் பயனர் பெயர் வாங்காத மாணவர்கள் ஏராளம் என்பது வேதனை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அதில் வருகின்றன. அது ஆய்விதழ்களுக்கான திட்டம். பாடநூல்களும் படங்களும் அதன் வரம்பில் இல்லை.

இந்த விஷயம் இப்போது அவசரமாகியிருக்கிறது. புரோக்வெஸ்ட்டை வாங்கிய கிளாரிவேட் நிறுவனம், மின்னூல்களை நிரந்தரமாக ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் வசதியை நிறுத்தப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு, நிறுத்தும் கெடு 2026 ஜூன் கடைசிவரை தள்ளிப்போடப்பட்டது. மற்ற வழிகளில் நிரந்தர உரிமம் வாங்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது. பலவற்றை மேலோட்டமாகத் தேடிப் பார்க்கச் சந்தா போதும். ஆனால் ஆண்டுதோறும் பாடமாக வைக்கும் நூலைக் கூட்டமைப்பு நிரந்தர உரிமத்தோடு வாங்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆசிரியர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மின்னூலையோ படத்தையோ பாடத்திட்டத்தில் குறிப்பதற்கு முன் நூலகரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது சந்தாவில் வருகிறதா, நிரந்தரமாக வாங்கியதா? ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம்? உரிமம் எந்த மாதம் முடிகிறது? அறுபது பேர் இருக்கும் வகுப்பில், தேர்வுக்கு முந்தைய வாரம், ஒருவர் மட்டும் திறக்கக்கூடிய நூல் பாடமாக இருந்தால் என்ன ஆகும் என்று நூலகருக்குத் தெரியும். பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டால், உரிமத்தை உயர்த்த அவருக்கு நேரமும் கிடைக்கும்.