அடுத்த மேசைக்கு ஏன் உலகைச் சுற்ற வேண்டும்?

ஒரே அறையில் உள்ள கணினிக்குப் படம் அனுப்பவும் நாம் வாட்ஸ்அப்பை நாடுகிறோம். அது எங்கோ உள்ள சர்வருக்குப் போய், பெரும்பாலும் தரம் குறைந்து வந்து சேர்கிறது. இதற்கெனப் பலர் வைத்திருந்த ஷேர்இட், 2020 ஜூனில் இந்தியா தடைசெய்த 59 செயலிகளில் ஒன்று.

செயலியே தேவைப்படாத பேர்டிராப் போன்ற தளங்களையே நான் பரிந்துரைப்பேன். இரு கருவிகளின் பிரவுசரிலும் திறந்தால் போதும். ஒரே வைஃபையில் இருப்பவை பொதுவான ஐபி முகவரியுடன் வெளியே தெரிவதால், தளத்தின் சர்வர் அவற்றை அறிமுகப்படுத்துகிறது. தரகர் வேலை அவ்வளவே. பிறகு வெப்ஆர்டிசி தொழில்நுட்பத்தின் வழியே, கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டு நேரடியாகக் கைமாறுகிறது.

சிக்கலும் அந்த முகவரியில்தான். விடுதி வைஃபையில் முன்பின் அறியாதவரின் கருவியும் உங்கள் திரையில் தோன்றக்கூடும். ஆதார் நகலை அனுப்புமுன், தளம் சூட்டியுள்ள அந்த வேடிக்கைப் பெயரை எதிரில் இருப்பவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.