ஒரே கிணற்றுக்கு இரண்டு பாட்டில்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். டி.டி.எஸ். மீட்டர் 400 காட்டுகிறது, அதனால் போர்த் தண்ணீர் நல்லதுதான் என்கிறீர்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பை மொத்தமாக மதிப்பிடும், அவ்வளவுதான். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஈயம், ஆர்செனிக் என்றால் 0.01தான். 400-க்குள் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை 1990-களிலேயே மூடிவிட்டது. லட்சம் டன்னுக்கு மேல் கழிவு மட்டும் அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யப் பெய்ய, அதிலிருந்த குரோமியம்-6 கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. புற்றுநோய் வரவழைக்கும் வகை அது. மிக அதிகமானால் தண்ணீர் மஞ்சளாகும். ஆனால் வரம்பை இரண்டு மூன்று மடங்கு தாண்டிய தண்ணீர்கூடத் தெளிவாகவே இருக்கும். காய்ச்சினாலும் உலோகம் போகாது. ஆவி போகப் போக அடர்த்திதான் கூடும்.

பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மோட்டார் போட்டதும் வருவது குழாயில் தேங்கிய தண்ணீர். நிலத்தடி நீர் வரும்வரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும், அதுவும் மேல்தொட்டியில் ஏறுவதற்கு முன்பே. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம். அமிலத்தால் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

ஈயம், காட்மியம் போன்றவை பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விடுவார்கள். குரோமியம்-6 விஷயத்தில் அதே அமிலம் காரியத்தைக் கெடுத்துவிடும். அமிலத்தில் அது மெல்ல மெல்லக் குரோமியம்-3 ஆக மாறிவிடக்கூடும்; அறிக்கையில் ‘இல்லை’ என்று வரும், கிணற்றிலோ இருக்கும். எனவே அதற்கு அமிலம் சேர்க்காத இன்னொரு பாட்டில். ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்த்துவிடுங்கள். அங்கே டைஃபீனைல் கார்பசைடு சேர்த்ததும் தண்ணீர் செவ்வூதாவாகும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு குரோமியம்-6.

அறிக்கை வந்ததும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் முறையால் கண்டறிய முடிந்த குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று கேளுங்கள். அது 0.1 என்றால், 0.05-ஐப் பற்றி அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை. கோடையில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒரு தடவை என்று இரண்டு முறை பாருங்கள். பக்கத்துக் கிணற்றுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் மாசு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் பிடிபடத் தொடங்கும்.