தப்பி ஓடுவதும் தேடி ஓடுவதும்



"யாருக்குப் பயந்து ஓடுறியள், சுவாமி?"

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில், ஒரு நாள் அதிகாலையில் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி இது. நீரிழிவு தலைகாட்டத் தொடங்கியதால், வைத்தியரின் அறிவுரைப்படி நாளும் காலையில் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. "ஒருவருக்கும் பயமில்லை அம்மா, உடம்புக்காக ஓடுறன்" என்றேன். அவர் நம்பாதவர்போல் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் ஓடின ஓட்டமெல்லாம் பயந்து ஓடினதுதான்."

அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் தங்கிவிட்டது. நம் மக்களின் பேச்சில் 'ஓட்டம்' என்றால் உடற்பயிற்சி அல்ல. அது பிள்ளையை இடுப்பிலும் துணிமூட்டையைத் தலையிலும் சுமந்த ஓட்டம். 1990ஆம் ஆண்டு என் குடும்பமும் அப்படித்தான் மடுத் திருப்பதிக்கு ஓடியது. அப்போது எனக்குப் பத்து வயது.

இன்று அதே மண்ணில் அச்சமின்றி ஓடுகிறேன். ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான அந்தத் தாம்போதியின் இருபுறமும் ஆழமற்ற கடல்நீர். பெருநிலப் பக்கமாக விரிந்து கிடக்கிறது வங்காலைச் சரணாலயம். 2008இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட 4,839 ஹெக்டெயர் நிலப்பரப்பு அது. குளிர்காலம் வந்ததும் வட ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கான வாத்துகளும் உள்ளான்களும் இங்கு வந்து இறங்குகின்றன. அவற்றின் நடுவே நீண்ட கால்களுடன் பூநாரைகள் நிற்கின்றன. தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் தலைகீழாக அமிழ்த்தி, சேற்று நீரை வடித்து உண்கின்றன. உண்ணும் நுண்ணுயிர்களிலுள்ள நிறப்பொருளே அவற்றின் சிறகுகளைச் சிவக்கச் செய்கிறது.

இப்பறவைகளிடம் நான் கற்றது ஒன்று. பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பிப் பறப்பதில்லை. நீரின் மேல் பல அடிகள் ஓடிய பின்னரே அதன் உடல் காற்றில் ஏறுகிறது. கிட்டப்போய்ப் பார்க்கும் ஆசையில் ஒரு முறை கரையை நெருங்கினேன். கூட்டம் முழுவதும் அஞ்சி ஓடி எழும்பியது. நெடுந்தூரம் பறந்து வந்து இரைதேடும் உயிர்களை என் ஆசைக்காகத் துரத்திவிட்டேனே என வெட்கினேன். அன்று முதல் தூரத்தில் நின்றே பார்க்கிறேன். நான் அசையாமல் நின்றால் அவை அஞ்சுவதில்லை. நகருக்குள் நுழைந்தால் மன்னாரின் கழுதைகள் வழிமறித்து நிற்கும். அவற்றுக்கு நான்தான் விலகி ஓட வேண்டும். ஆண்டவர் எருசலேமுக்குள் நுழையத் தெரிந்துகொண்ட விலங்கல்லவா!

வாசகர்களே, பறவைகளை நிம்மதியாகப் பார்த்த நான், ஒரு மனிதரைப் பார்க்காமல் பல மாதங்கள் ஓடினேன். வீதியோரத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஓர் இஸ்லாமியச் சகோதரர் அவர். நாளும் கையசைப்பார். நானும் கையசைத்துவிட்டு வேகத்தைக் கூட்டுவேன். ஒரு காலை அவர் வீதிக்கே வந்துவிட்டார். "பாதர், ஓடினது போதும். ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

அமர்ந்தேன். அவருக்கும் என் வயதுதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, பெற்றோருடன் வள்ளத்தில் ஏறியவர். புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்தபின் திரும்பியவர். அவருடைய தந்தை திரும்பவில்லை. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டாராம். குற்றச்சாட்டு எதுவுமின்றி, பறவைகள் வந்துபோவதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்நாள்களில் எங்கள் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி இதைப் பற்றிப் பேசியதும், பிறகு மௌனமானதும் என் நினைவுக்கு வந்தன. நம் ஓட்டத்தைப் பிறர் அறிய வேண்டுமென்று விரும்பிய நாம், அவர்களுடைய ஓட்டத்தைக் கேட்டறிந்தோமா? "எங்கட ஆக்கள் அண்டைக்குப் பேசாமல் இருந்திட்டம், தம்பி" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அவர் என் கோப்பையை மீண்டும் நிரப்பினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

திருவிவிலியத்திலும் இருவகை ஓட்டங்கள் உண்டு. அரசி ஈசபேலுக்கு அஞ்சி இறைவாக்கினர் எலியா ஓடினார். ஏரோதுவுக்குத் தப்பித் திருக்குடும்பம் எகிப்துக்குச் சென்றது. அஞ்சி ஓடுவோருடன் இறைவன் இருக்கிறார் என்பதற்கு இவை சான்று. ஆனால் லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வேறோர் ஓட்டம் இருக்கிறது. ஊதாரி மைந்தன் தொலைவில் வரும்போதே தந்தை ஓடுகிறார். மதிப்புமிக்க முதியவர் ஒருவர் வீதியில் ஓடுவது அக்காலத்தில் கௌரவக் குறைவு. கௌரவத்தைப் பாராமல், பிரிந்தவரை நோக்கி ஓடிய ஓட்டம் அது. என் கதையிலோ, தந்தையின் பங்கை ஏற்று வீதிக்கு இறங்கி வந்தவர் அந்தத் தேநீர்க் கடைச் சகோதரர். குருவாகிய நான் விலகி ஓடிக்கொண்டிருந்தேன்.

அன்பார்ந்தவர்களே, இவ்வாரம் ஒரு காலையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியே செல்லுங்கள். கைத்தொலைபேசியை வீட்டில் விட்டுவிடுங்கள். வானத்துப் பறவைகளைக் கவனிக்கும்படி மலைப்பொழிவில் ஆண்டவர் கேட்டதை, ஒரு முறையாவது உள்ளபடியே செய்து பாருங்கள். திரும்பி வரும் வழியில், நீங்கள் நெடுநாளாக வேகமாய்க் கடந்துபோகும் ஒரு வாசல் இருக்கும். அங்கே சற்று நில்லுங்கள்.

அந்த அம்மாவை அண்மையில் மீண்டும் கண்டேன். அதே கேள்வியைக் கேட்டார். "பயந்து இல்லையம்மா, தேத்தண்ணி குடிக்க ஓடுறன்" என்றேன். இம்முறை நம்பிச் சிரித்தார்.